தாயின் பெயரைத் தாங்கிய தலைப்பெழுத்து

கிங்ஸ் சர்க்கிள் அருகேயுள்ள சண்முகானந்தா மண்டபத்தை அறியாத தமிழ் மாணவர் நம்முள் இரார். தாராவியில் எங்கள் வீட்டிலிருந்து அங்கு நடந்தே சென்றுவிடலாம். ஆயினும், கச்சேரி கேட்போர் உலகம் வேறு, விடியுமுன் இட்லி அவித்து விற்கும் என் அன்னையின் உலகம் வேறு என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் கதை.

எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரை நாம் புகழின் உச்சியில் வைத்தே அறிவோம். 1966-இல் ஐக்கிய நாடுகள் அவையில் பாடியவர். 1968-இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற முதற்பெண்மணி. 1998-இல் பாரத ரத்னா ஆனவர். ஆனால் அந்தப் புகழுக்கெல்லாம் முன்னே ஒரு சிறிய இசைத்தட்டு இருக்கிறது.

1916 செப்டம்பர் 16-இல் மதுரையில் அவர் பிறந்தார். தாய் சண்முகவடிவு வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். இசையே வாழ்வாகக் கொண்ட பெண்களின் வழிவந்த குடும்பம் அது. அங்கே கலையும் தாய்வழி வந்தது; பெயரும் தாய்வழி வந்தது. ஊரார் அவர்கள் இசையைப் போற்றினர்; அவர்களை மட்டும் எட்டவே நிறுத்தினர். கலைக்கு மாலை, கலைஞருக்கு ஏளனம் என்பதுதானே அன்றைய வழக்கம்!

1926-இல், பத்தாம் வயதில், அச்சிறுமியின் குரல் முதன்முதலாக இசைத்தட்டில் பதிவாயிற்று. தாயின் வீணை துணை நின்றது. அறிவியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அந்நாளைய தட்டு அரக்கினால் ஆனது; நிமிடத்திற்கு ஏறத்தாழ 78 முறை சுழல்வது; ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களே கொள்ளும். இன்றுபோல் வெட்டி ஒட்டித் திருத்தும் வசதி அன்று இல்லை. ஓரிடத்தில் பிழை நேர்ந்தால் முழுப் பாட்டையும் மீண்டும் பாடவேண்டும். அந்த மூன்று நிமிடச் சோதனையில் ஒரு குழந்தை வென்றது என்றால், அதன் பின்னே எத்தனை விடியற்காலைப் பயிற்சி இருந்திருக்க வேண்டும்!

பின்னர் தாய்க்கும் மகளுக்கும் வழி பிரிந்தது. 1936-இல் மதுரை வீட்டை விட்டு அவர் சென்னை சேர்ந்தார். 1940-இல் சதாசிவத்தை மணந்தார். ‘சேவாசதனம்’, ‘சகுந்தலை’, ‘மீரா’ எனத் திரைப்படங்கள் வந்தன. தமிழிசைக்காகப் பாடினார். பாடி ஈட்டியதைப் பொதுப்பணிகளுக்கு வாரி வழங்கினார். 2004 டிசம்பர் 11-இல் மறைந்தார். வாழ்வில் எத்தனையோ மாறின. ஒன்று மட்டும் மாறவில்லை. ‘எம்’ என்பது மதுரை. ‘எஸ்’ என்பது சண்முகவடிவு. தாயின் வீட்டை விட்டவர் தாயின் பெயரை விடவில்லை. இசைத்தட்டிலும், விருதுப் பத்திரத்திலும், உலக அரங்கிலும் அந்த வீணைக் கலைஞரின் பெயர் மகளின் பெயருக்கு முன்னே நடந்து சென்றது.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? என் பெயருக்கு முன்னே நிற்கும் எழுத்தும் என் அன்னையுடையதே. நெல்லைச் சீமையிலிருந்து கைக்குழந்தையாகிய என்னைத் தூக்கிக்கொண்டு தனியே மும்பைக்கு வந்தவள் அவள். ஒரு கல்லூரியில் சேரச் சென்றபோது, தந்தை பெயருக்குரிய இடம் வெறுமையாக இருப்பது ஏன் என்று வரிசையில் நின்றோர் யாவரும் கேட்கும்படி ஓர் அலுவலர் வினவினார். நான் தலைகுனிந்தேன். அருகில் நின்ற அன்னை ஒன்றும் பேசவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் நானும் அவளிடம் பேசவில்லை. அலுவலர் கேட்ட கேள்வியைவிட என் மௌனமே அவளைச் சுட்டிருக்கும் என்பது இன்று புரிகிறது.

‘எஸ்’ என்ற எழுத்தின் பொருளை அறிந்த நாளில் அதை அன்னையிடம் சொன்னேன். மாவு தோய்ந்த கையைத் துடைத்துக்கொண்டு, அந்த அம்மாவுக்குமா என்று ஒருமுறை கேட்டாள். அவ்வளவுதான். மறுநாள் விடியலில் பக்கத்து வீட்டில் சுப்ரபாதம் ஒலித்தபோது, இட்லிக் கொப்பரையின் முன் அவள் சற்று நின்று கேட்டதைக் கண்டேன்.

காலமும் மாறி வருகிறது. 2024 மே முதல் நாளிலும் அதற்குப் பின்னும் பிறப்போரின் பெயரோடு தாயின் பெயரும் அரசு ஆவணங்களில் இடம்பெற வேண்டும் என்று மகாராட்டிர அரசு முடிவு செய்தது. சட்டம் இன்று எட்டிய இடத்தில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஓர் அரக்குத் தட்டு சுழன்றுகொண்டிருந்தது.

நண்பர்களே! இவ்வாண்டு என் ஆய்வேட்டின் முகப்பில் என் பெயரை எழுதப் போகிறேன். அந்த முதலெழுத்தை இம்முறை கை நடுங்காமல் எழுதுவேன்.