இரு கட்சியாரையும் ஒரே மேடையில் அமர்த்திய டாக்டர் ஜாகிர் ஹுசைன்

சென்ற விடுமுறையில் சர்வகலாசாலையில் படிக்கும் நம் பிள்ளைகள் இருவர் என் கடை வாசலில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்கள். சிறு வயதில் ஒரே மத்ரஸாவில் ஒன்றாய் ஓதியவர்கள். பேச்சு தேர்தலில் தொடங்கிக் கட்சிக்குப் போயிற்று. முடிவில் ஒருவர் மற்றவருடைய வாப்பாவை இழுத்துப் பேசும்வரை வந்துவிட்டது. ஸலாம் சொல்லாமலே பிரிந்தார்கள். எனக்கு மனம் மிகவும் சங்கடப்பட்டது. படிப்பு அதிகம் இல்லாதவர்கள் இப்படிச் சண்டையிட்டால் அறியாமை என்போம். சர்வகலாசாலையில் படிப்பவர்கள் சண்டையிட்டால் என்ன சொல்வது? அன்றிரவு கடை அடைத்தபின் மர்ஹூம் டாக்டர் ஜாகிர் ஹுசைன் சாகிப் அவர்களின் சரித்திரம் என் நினைவுக்கு வந்தது. அதைச் சுருக்கமாக இங்கே எழுதுகிறேன்.

ஜாகிர் ஹுசைன் அவர்கள் 1897-ம் வருஷம் பிப்ரவரி 8-ந் தேதி ஹைதராபாத்தில் பிறந்தார்கள். பூர்வீகம் வட இந்தியாவிலுள்ள காயம்கஞ்ச். பத்து வயதில் தகப்பனாரையும் பதினான்கு வயதில் தாயாரையும் இழந்த அனாதைப் பிள்ளை. எடாவாவில் பள்ளிப்படிப்பை முடித்து அலிகர் கல்லூரியில் சேர்ந்தார்கள். 1920-ல் காந்தியடிகளும் அலி சகோதரர்களும் அலிகருக்கு வந்து, ஆங்கில சர்க்கார் உதவியில் நடக்கும் கல்லூரியை விட்டு வெளியேறும்படி மாணவர்களைக் கேட்டுக்கொண்டார்கள். நல்ல உத்தியோகம் கண்ணெதிரே இருந்தும் அதை விட்டு வெளியே வந்தவர்களுள் ஜாகிர் ஹுசைனும் ஒருவர். அப்படி வந்தவர்களுக்காக அவ்வருஷம் அக்டோபர் 29-ல் தோன்றியதே ஜாமியா மில்லியா இஸ்லாமியா என்னும் கலாசாலை. 1925-ல் அது டில்லிக்கு மாறியது.

1922-ல் ஜெர்மனிக்குச் சென்ற அவர்கள் பெர்லின் சர்வகலாசாலையில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்று 1926-ல் திரும்பினார்கள். அப்போது ஜாமியாவில் பணமில்லை. மூடிவிடலாம் என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. இருபத்தொன்பது வயதில் அதன் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார்கள். 1928-ல் அவர்களும் சக ஆசிரியர்களும், இருபது வருஷம் அங்கேயே ஊழியம் செய்வதாகவும், மாதம் 150 ரூபாய்க்கு மேல் சம்பளம் கேட்பதில்லை என்றும் உறுதி எடுத்துக்கொண்டார்கள். வியாபாரிகளாகிய நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவன் முன் வாய் திறக்கமாட்டான். சொற்பத்தில் வாழப் பழகியவனை யாரும் விலைக்கு வாங்க முடியாது. எந்தக் கட்சியின் தலைவருக்கும் அஞ்சாமல் பேச அந்த ஆசிரியர்களால் முடிந்தது இதனால்தான்.

கண்டிக்கும் முறையிலும் அவர்கள் தனி வழி உடையவர்கள். அழுக்கான காலணியுடன் வரும் மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியும் பயனில்லாமற்போகவே, ஒரு நாள் துணைவேந்தரே பாலிஷும் பிரஷும் எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து துடைக்கத் தொடங்கினார்கள் என்று சொல்வார்கள். வெட்கிய மாணவர்கள் மறுநாள் முதல் சுத்தமாக வந்தார்களாம்.

அவர்களுக்கென்று அரசியல் அபிப்பிராயம் இல்லாமலில்லை. 1937-ல் காந்தியடிகள் வார்தாவில் கூட்டிய கல்வி மாநாட்டில் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுக்கும் குழுவுக்கு அவர்களே தலைவர். அத்திட்டத்தை முஸ்லிம் லீக் கடுமையாக எதிர்த்தது. ஆனால் எதிர்த்தவர்களை அவர்கள் பகைவராக எண்ணவில்லை. அதற்குச் சாட்சி 1946 நவம்பரில் நடந்த ஜாமியாவின் வெள்ளிவிழா.

அந்தக் காலம் எப்படிப்பட்டது? ஆகஸ்டில் கல்கத்தாவில் கொலை; அக்டோபரில் நவகாளி; பின்னர் பீகார். காங்கிரஸ் தலைவர்களும் லீக் தலைவர்களும் மனம் கசந்திருந்த நேரம். அந்த நேரத்தில் ஜவஹர்லால் நேரு, மௌலானா ஆஸாத், ராஜாஜி ஆகியோரையும், முகம்மதலி ஜின்னா, லியாகத் அலி கான் ஆகியோரையும் அழைத்து ஒரே மேடையில் அமர்த்தினார்கள் ஜாகிர் ஹுசைன். யாரையும் தம் கொள்கையை விட்டு வரச் சொல்லவில்லை. யார் சரி, யார் தவறு என்று தீர்ப்பும் கூறவில்லை. நாட்டில் எரியும் நெருப்பை யார் மூட்டினார் என்று கேட்கும் நேரம் இதுவல்ல, முதலில் அணையுங்கள் என்ற கருத்தில், இரு தரப்பாரின் முகத்துக்கு நேராகவே மன்றாடினார்கள்.

நெருப்பு அணைந்ததா? இல்லை. 1947-ல் நாடு பிரிந்தது. டில்லி கரோல் பாக்கிலிருந்த ஜாமியாவின் புத்தகசாலை தீக்கிரையாயிற்று. ஜலந்தர் ரயில் நிலையத்தில் ஜாகிர் ஹுசைன் அவர்களே கொலைக்குத் தப்பியது மயிரிழையில்தான். காப்பாற்றியவர்கள் ஒரு சீக்கிய ராணுவ அதிகாரியும் ஓர் இந்து ரயில்வே அதிகாரியும். அப்படியானால் அந்த விழா வீண்தானா? வீணல்ல என்பது பின்னால் தெரிந்தது.

1948-ல் அவர்கள் அலிகர் முஸ்லிம் சர்வகலாசாலைக்குத் துணைவேந்தராகச் சென்றார்கள். லீக்கின் கோட்டையாக இருந்த இடம் அது. பிரிவினைக்கு முந்திய காலத்தில் ரயிலில் வந்த மௌலானா ஆஸாத் அவர்களை அலிகர் மாணவர்கள் நிலையத்திலேயே அவமதித்திருந்தார்கள். பிரிவினைக்குப் பின்னோ நாடே அச்சர்வகலாசாலையைச் சந்தேகக் கண்ணுடன் பார்த்தது. ஜாகிர் ஹுசைன் அவர்கள் யாரையும் பழிவாங்கவில்லை. பொறுப்பேற்ற சில மாதங்களில், 1949 பிப்ரவரியில், கல்வி மந்திரியாக இருந்த அதே ஆஸாத் அவர்கள் அங்கே பட்டமளிப்பு விழாப் பிரசங்கம் செய்தார்கள். ஏசிய ஊரிலேயே மரியாதையாக உட்கார்ந்து கேட்கும்படி செய்தது ஒரு சர்வகலாசாலை. இது சாமானிய காரியமா?

1956 வரை அங்கே பணியாற்றி, பின் பீகார் கவர்னராகவும் 1962-ல் உபஜனாதிபதியாகவும், 1967 மே 13-ல் இந்தியாவின் ஜனாதிபதியாகவும் ஆனார்கள். 1969 மே 3-ல் பதவியிலிருக்கும்போதே வஃபாத்தானார்கள். தாம் வளர்த்த ஜாமியா வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள்.

இனி நம் கெடாவுக்கு வருவோம். சிந்தோக்கிலும் பீடோங் பக்கத்திலும் இன்று சர்வகலாசாலைகள் இருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளையும் டவுன் பிள்ளையும் அங்கே ஒன்றாய்ப் படிக்கிறார்கள். 1971-ம் வருஷச் சட்டம் மாணவர்களைக் கட்சி அரசியலிலிருந்து விலக்கி வைத்திருந்தது. 2012-ல் அதைத் திருத்திக் கட்சியில் சேரவும் வழிவிட்டார்கள். 2021 டிசம்பர் முதல் பதினெட்டு வயதிலேயே ஓட்டும் வந்துவிட்டது. கதவைத் திறந்தாயிற்று, உள்ளே எப்படி உட்காருவது என்று சொல்லித் தருவது யார்? ஆசிரியர்கள் மாணவர்களைத் தம் கட்சிக்கு இழுக்காமல், இரு தரப்பாரையும் அழைத்து, எதிராளி சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பின்பே பதில் சொல்ல வேண்டும் என்று பழக்கினால் போதும். கணக்கு நோட்டில் வரவும் செலவும் எதிரெதிர்ப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அதற்காக நோட்டைக் கிழித்துவிடுகிறோமா?

அடுத்த விடுமுறையில் நம் சங்கக் கூடத்திலும் இப்படி ஒரு கூட்டம் நடத்தலாம் என்பது என் தாழ்மையான யோசனை. அதற்கு முன்பே அந்த இரு பிள்ளைகளையும் தேநீருக்கு அழைத்திருக்கிறேன். ஒருவர் வருவதாகச் சொல்லிவிட்டார். மற்றவரும் இன்ஷா அல்லாஹ் வருவார்.