எண்களோடு வாழ்ந்த எஸ். எஸ். பிள்ளை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

பொதிகையில் பிறந்து வரும் தாமிரபரணியால் வளம்பெற்ற நெல்லைச் சீமை, புலவர்களுக்கும் விடுதலை வீரர்களுக்கும் பேர்போனது. பாரதியாரையும் வ.உ.சி.யையும் நாம் மேடைதோறும் போற்றுகின்றோம். ஆனால் சீவலப்பேரியிலே பொருநையோடு வந்து கலக்கும் சிற்றாற்றின் நாட்டிலே, குற்றாலத்தை அடுத்த வல்லம் என்னும் ஊரிலே பிறந்த ஒருவரை உலகக் கணித நூல்கள் இன்றும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. நம் பேச்சுப் போட்டிகளில்தான் அவர் பெயர் காதில் விழுவதில்லை. அவரே கணித மேதை சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. சுருக்கமாக எஸ். எஸ். பிள்ளை.

பிள்ளை அவர்கள் 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சுப்பையா பிள்ளை. தாயார் கோமதி அம்மாள். பிறந்து ஓராண்டுக்குள் தாயை இழந்தார். உறவினரான ஒரு மூதாட்டியின் துணைகொண்டு தந்தையாரே அவரை வளர்த்தார். செங்கோட்டை நடுநிலைப் பள்ளியில் படிப்புத் தொடங்கியது. அந்நாளில் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956-இல்தான் தமிழகத்தோடு இணைந்தது. அது 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கின்றது.

பள்ளியில் சாஸ்திரியார் என்றோர் ஆசிரியர். சிறுவனின் அறிவும் உழைப்பும் அவரைக் கவர்ந்தன. பள்ளியிறுதி ஆண்டிலே தந்தையாரும் காலமானார். அநாதையாகி நின்ற மாணவனைத் தம் சொற்பச் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்துப் படிக்க வைத்தவர் அந்தச் சாஸ்திரியாரே. பிள்ளையைப் பற்றி எழுதுவோர் அனைவரும் இந்த ஆசிரியரை ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டுக் கடந்து விடுகின்றனர். விண்ணப்பப் படிவத்திலே "முதல் பட்டதாரி" என்ற கட்டத்தில் ஆம் என்று எழுதும் என்னைப் போன்றோருக்கு அவ்வளவு எளிதில் கடந்து செல்ல முடியவில்லை. அந்தச் சில ரூபாய்கள் அன்று கிடைத்திராவிட்டால் இக்கட்டுரையில் இனி வரப்போகும் எதுவுமே இல்லை.

பின்னர் உதவித்தொகை பெற்று நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இண்டர்மீடியட் படித்தார். மற்றோர் உதவித்தொகையால் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். 1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர்கள் ஆனந்த ராவ், வைத்தியநாதசுவாமி ஆகிய பேராசிரியர்கள். ஆனந்த ராவ் கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் பயின்றவர். இராமானுஜன் அங்கிருந்த காலத்தில் தாமும் அங்கிருந்தவர். 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. அவ்வாண்டே பிள்ளை அங்கு விரிவுரையாளரானார். 1941 வரை அங்கே இருந்த பன்னிரண்டு ஆண்டுகளே அவருடைய பொற்காலம்.

அவருக்குப் பெரும் புகழ் தந்தது வேரிங் கணக்கு. 1770-இல் எட்வர்டு வேரிங் என்னும் ஆங்கிலேயர் எழுப்பிய வினா அது. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்க எண்களின் கூட்டலாக எழுதலாம். ஒன்பது கன எண்களின் கூட்டலாக எழுதலாம். இப்படியே ஒவ்வோர் அடுக்குக்கும் எத்தனை தேவை? கன எண்ணுக்கு ஒன்பது ஏன் என்பதை நாமே தாளில் போட்டுப் பார்க்கலாம். 23 என்ற எண்ணை எடுத்துக் கொள்வோம். 27 அதைவிடப் பெரியது. ஆகவே கையில் இருப்பவை 8-உம் 1-உம் மட்டுமே. இரண்டு எட்டுகள் 16. மீதி ஏழு ஒன்றுகள். ஆக மொத்தம் ஒன்பது. ஆறாம் அடுக்குக்கு 703 என்ற எண் இப்படிப்பட்டது. பத்து அறுபத்து நான்குகளும் அறுபத்து மூன்று ஒன்றுகளுமாக 73 வேண்டும்.

73-க்குக் குறையாது என்று காட்டுவது இவ்வளவு எளிது. 73 எல்லா எண்களுக்கும் போதும் என்று நிறுவுவதுதான் மலை. ரஷ்ய அறிஞர் வினோகிராதோவ் கண்ட முறை மிகப் பெரிய எண்களுக்கு விடை தந்துவிடும். அதற்குக் கீழே எஞ்சி நிற்பவற்றைப் படிப்படியாக ஏறித்தான் பிடிக்க வேண்டும். 1936-ஐ ஒட்டிப் பிள்ளை, ஏழாம் அடுக்கு முதற்கொண்டு பொதுவான விடையை ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு நிறுவினார். அதே சமயத்தில் அமெரிக்காவில் டிக்ஸன் என்பாரும் தனியே அதை நிறுவினார். ஆறாம் அடுக்கின் 73-ஐப் பிள்ளை 1940-இல் முடித்தார். கணிப்பொறி என்ற பொருளே நாட்டில் இல்லாத நாளில், சிதம்பரத்தில் அமர்ந்துகொண்டு, தாளும் பேனாவும் கொண்டு செய்த வேலை இது.

நம்மில் பலர் அடுத்து எம்.எஸ்ஸி. கணினி அறிவியலில் சேர எண்ணியிருக்கிறோம். அங்கே முதன்மைப் பாடங்கள் என்று வைத்திருக்கும் தொடர்நிலையற்ற கணிதம், அல்காரிதம் வடிவமைப்பும் பகுப்பாய்வும், கணிப்புக் கோட்பாடு, மறைகுறியியல் ஆகியவற்றைக் கேட்டாலே கணிதத்திலிருந்து வேறு நாட்டுக்குப் போவதுபோல் ஓர் அச்சம் தோன்றுகின்றது. பிள்ளையின் கட்டுரைகள் எதைப் பற்றியவை என்று பார்த்தால் அந்த அச்சம் பெரிதும் குறையும்.

1933-இல் அவர் ஆராய்ந்த சார்பு ஒன்றுண்டு. 1 முதல் 6 வரையுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் 6-க்கும் மீப்பெரு பொது வகுத்தி காண்க: 1, 2, 3, 2, 1, 6. கூட்டினால் 15. இதற்குப் பிள்ளை சார்பு என்றே பெயர். இதையே பத்து லட்சம் என்ற எண்ணுக்குச் செய்யச் சொன்னால், சாதாரணமாக எழுதிய நிரல் பத்து லட்சம் முறை வகுத்தி காணும். ஆனால் பத்து லட்சம் என்பது 2-இன் ஆறாம் அடுக்கு பெருக்கல் 5-இன் ஆறாம் அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விடை கண்டால் 256, 90625. இரண்டையும் பெருக்கினால் 2 கோடியே 32 லட்சம், முடிந்தது வேலை. ஒரே வினாவுக்கு இரு வழிகள், அவற்றில் எது எத்தனை படிகளில் முடியும் என்று அளப்பதுதான் அல்காரிதம் பகுப்பாய்வு. மீப்பெரு பொது வகுத்தியும் பகா எண்களும் இல்லாமல் மறைகுறியியலிலும் ஓரடி எடுத்து வைக்க முடியாது. 1977-இல் வந்த ஆர்.எஸ்.ஏ. முறை இவற்றின் மீதே நிற்கின்றது.

1930-இல் அவர் வேறொரு விளையாட்டும் ஆடினார். ஓர் எண்ணிலிருந்து அதற்குள் அடங்கும் மிகப் பெரிய பகா எண்ணைக் கழிப்பது. மீதியிலிருந்தும் அப்படியே கழிப்பது. 122-இல் 113 போக 9. அதில் 7 போக 2. அதுவே பகா எண். மூன்று படிகளில் முடிந்தது. எவ்வளவு பெரிய எண்ணானாலும் எத்தனை படிகள் ஆகும் என்பது அவர் வினா. ஒவ்வொரு படியிலும் கைக்கு எட்டிய பெரியதை எடுத்துக்கொள்ளும் இம்முறைக்கு இன்றைய பாடநூலில் கிரீடி முறை என்று பெயர். க்ரஸ்கல் 1956-இலும் டைக்ஸ்ட்ரா 1959-இலும் வெளியிட்ட அல்காரிதங்களை அதே அத்தியாயத்தில்தான் படிக்கின்றார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய ஊகம். 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என்று வர்க்கம், கனம் முதலான அடுக்கு எண்களை வரிசையாக எழுதுங்கள். இவற்றுள் எந்த இரண்டை எடுத்தாலும், குறிப்பிட்ட ஒரு வித்தியாசம் சில தடவைகளே வரும், முடிவின்றி வராது என்றார் பிள்ளை. வித்தியாசம் 1 என்பது 8, 9 என்ற ஓரிடத்தில் மட்டுமே வரும் என்பதை 2002-இல் மிஹைலெஸ்கு நிறுவினார். மற்றவை அப்படியே கிடக்கின்றன. வித்தியாசம் 6 உள்ள இரண்டு அடுக்கு எண்களை இதுவரை ஒருவரும் கண்டதில்லை. இல்லையென்று நிறுவியவரும் இல்லை. அவற்றைத் தேடும் நிரலைப் பத்து வரியில் நாமே எழுதிவிடலாம். ஓடத் தொடங்கிய அந்த நிரல் என்றாவது நிற்குமா? கணிப்புக் கோட்பாட்டின் நடுநாயகமான வினா இதுதான். அதற்கு வித்திட்ட டூரிங்கின் கட்டுரை வந்ததும், வேரிங் கணக்கில் பிள்ளை வெற்றி கண்ட அதே 1936-இல்தான் என்பது தற்செயலே; இருந்தாலும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

1941-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்கும், அடுத்த ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கும் சென்றார். அவருடைய கட்டுரைகளில் பல இந்தியச் சஞ்சிகைகளிலே வெளிவந்தவை. அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழை வெளிநாட்டில் எத்தனை பேர் புரட்டியிருப்பார்கள்? ஆகவே அவருக்கு உரிய பெயர் மெல்லத்தான் பரவிற்று.

பரவியபோது அழைப்பு வந்தது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் ஓராண்டு தங்கி ஆராய வேண்டும். ஹார்வர்டில் கூடும் உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ள வேண்டும். அந்நாளில் பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைன் இருந்தார். வான் நாய்மன் தலைமையில் ஒரு கணிப்பொறியும் அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. கையாலேயே அத்தனை கணக்கையும் போட்டவர் அந்த இயந்திரத்தின் முன்னால் நின்றிருந்தால் எந்த எண்ணை முதலில் கொடுத்திருப்பார் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

1950 ஆகஸ்ட் 31-ஆம் நாள், பம்பாயிலிருந்து கெய்ரோ, ரோம் வழியாக நியூயார்க் செல்லும் டி.டபிள்யூ.ஏ. விமானம் கெய்ரோவை விட்டுக் கிளம்பிய சிறிது நேரத்தில் எஞ்சினில் தீப்பற்றி எகிப்தியப் பாலைவனத்தில் வீழ்ந்தது. விமானத்திலிருந்த 55 பேரும் மாண்டனர். அவர்களுள் ஒருவர் பிள்ளை. வயது 49. மாநாடு முதல் நாளே தொடங்கிவிட்டிருந்தது.

வேரிங் கணக்கில் எஞ்சி நின்ற ஐந்தாம் அடுக்கை 1964-இல் சீன அறிஞர் சென் ஜிங்ரன் முடித்தார், விடை 37. நான்காம் அடுக்கின் 19-ஐ 1986-இல் மூவர் சேர்ந்து முடித்தனர். இருவர் பிரெஞ்சுக்காரர், மற்றவர் தமிழகத்தின் ஆர். பாலசுப்பிரமணியன். அவரும் ஆர். தங்கதுரையும் பதிப்பாசிரியர்களாக இருந்து, பிள்ளையின் கட்டுரைகள் அனைத்தையும் திரட்டி 2010-இல் இரண்டு பாகங்களாக வெளிக்கொணர்ந்தனர். நம் கல்லூரி நூலகத்தில் அவை இல்லை. அடுத்த முறை நூல்கள் வாங்கும் பட்டியலில் இவ்விரு பாகங்களையும் சேர்க்குமாறு கணிதத் துறைப் பேராசிரியப் பெருமக்களைப் பணிவோடு வேண்டிக்கொள்கிறேன்.