டிஸ்க் பிரேக்கின் தந்தை லாஞ்செஸ்டர்

மேட்டுச் சாலையில் காரை நிறுத்திவிட்டு இறங்குகிறோம். கை பிரேக்கை இழுத்தாயிற்று, இனி வண்டி அசையாது என்று நிம்மதியாகக் காப்பி சாப்பிடப் போகிறோம். ஆனால் எல்லாக் காரையும் இப்படி நம்பிவிட முடியாது. பழங்காலக் காரை ஆசையோடு புதுப்பித்து, நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கைக் கழற்றி எறிந்துவிட்டு டிஸ்க் பிரேக் பூட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஓடுகிற வண்டி நினைத்த இடத்தில் நிற்கிறது. நின்ற வண்டியைக் கட்டிப் போடுவதுதான் பெரும்பாடு என்பார்கள்.

இந்த டிஸ்க் பிரேக் நேற்று வந்ததல்ல. 1902ஆம் ஆண்டிலேயே இதற்குப் பேடன்ட் உரிமை பெற்றார் ஓர் ஆங்கிலேயர். அவர் பெயர் பிரெடரிக் வில்லியம் லாஞ்செஸ்டர். அவருடைய வாழ்க்கை வியப்பும் வேதனையும் கலந்தது.

ஒரு வரியை அடித்தார்

1868ஆம் ஆண்டு அக்டோபர் 23ந் தேதி லண்டனைச் சேர்ந்த லூயிஷாமில் பிறந்தார் லாஞ்செஸ்டர். தகப்பனார் கட்டடக் கலைஞர். பையன் லண்டன் தென்கென்சிங்டனில் விஞ்ஞானம் படித்தான். ஆனால் பட்டம் வாங்காமலே வெளியேறினான்.

பர்மிங்ஹாமில் காஸ் எஞ்சின் செய்யும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. சம்பளம் வாரத்துக்கு 1 பவுன். வேலை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அவர் எதைக் கண்டுபிடித்தாலும் அது கம்பெனிக்கே சொந்தம் என்பது அது. இருபது வயதைத் தாண்டியும் தாண்டாத அந்த வாலிபர், கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டார். எவ்வளவு துணிச்சல் பாருங்கள்! பிறகு எஞ்சினைத் தானே கிளப்பும் கருவி ஒன்றை உண்டாக்கியபோது, அதன் பேடன்ட் அவர் பெயரிலேயே நின்றது.

சட்டத்தை முந்திய கார்

1896ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் செய்த முதல் கார் சாலையில் இறங்கியது. அந்நாளில் இங்கிலாந்தில் இயந்திர வண்டிகள் கிராமப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக் கூடாது. ஊருக்குள் 2 மைல். வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து செல்லவும் வேண்டும்! அந்த ஆண்டு நவம்பரில்தான் சட்டம் தளர்ந்தது.

மற்றவர்கள் குதிரை வண்டியில் எஞ்சினைத் தூக்கி வைத்துக் கொண்டிருந்த காலம் அது. லாஞ்செஸ்டரோ காரை முதலிலிருந்தே காராக எண்ணித் திட்டமிட்டார். எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு கிராங்குகளை அமைத்து எஞ்சினின் அதிர்ச்சியைக் குறைத்தார். ஒரு காரின் உறுப்பைக் கழற்றி இன்னொரு காரில் பொருத்தும்படி அளவு பிசகாமல் செய்வித்தார். 1897ஆம் ஆண்டில் அவர் செய்த கார் லண்டன் சயன்ஸ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

1899 டிசம்பரில் சொந்தக் கம்பெனி ஏற்பட்டது. எழுத்தாளர் கிப்ளிங் லாஞ்செஸ்டர் கார் வைத்திருந்தார். பிற்காலத்தில் நம் நாட்டு மகாராஜாக்களும் இந்தக் கார்களில் மோகம் கொண்டார்கள். ஆனால் கம்பெனிக்குப் போதிய முதல் இல்லை. 1904இல் அது கடனில் சிக்கி ரிசீவர் கைக்குப் போயிற்று. மறுபடி எழுந்தபோது லாஞ்செஸ்டர் அதன் எஜமானரல்ல, திட்டம் போட்டுக் கொடுப்பவர்தான்.

கிறீச்சிட்ட தட்டு

1902 பேடன்ட்டின் தத்துவம் மிக எளிது. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் மெல்லிய உலோகத் தட்டு. அதன் விளிம்பை இரு பக்கமும் கவ்வும் தாடைகள். இன்றைய டிஸ்க் பிரேக்கும் அதேதான். கவ்வும் இடத்தில் அவர் செம்பை வைத்தார். உலோகம் உலோகத்தோடு உரசினால் என்ன ஆகும்? காது கிழியும்படி கிறீச்சிட்டது. அந்நாளைப் புழுதிச் சாலையில் செம்பும் சீக்கிரம் தேய்ந்தது. பின்னால் ஹெர்பர்ட் புரூட் என்பவர் ஆஸ்பெஸ்டாஸ் பூச்சைக் கொண்டு வந்து அலறலை அடக்கினார். ஆனாலும் டிரம் பிரேக்கே உலகை ஆண்டது.

லாஞ்செஸ்டர் அதற்குள் வேறு உலகத்துக்குப் போய்விட்டார். விமானத்தின் இறக்கை எப்படிக் காற்றில் மிதக்கிறது என்று ஆராய்ந்து, 1907, 1908ஆம் ஆண்டுகளில் இரண்டு பெரிய நூல்கள் வெளியிட்டார். அதே கருத்தை 1897இல் ஒரு விஞ்ஞானச் சங்கம் ஏற்காமல் திருப்பி அனுப்பியிருந்தது! இரு படைகள் மோதும்போது எண்ணிக்கையின் பலம் என்ன என்று அவர் போட்ட கணக்கு இன்றும் ராணுவப் பாடங்களில் வருகிறது. 1922இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

புகழ் வந்தது, பணம் வரவில்லை. டெய்ம்லர் கம்பெனிக்கு ஆலோசகராக இருந்த வேலையும் முடிந்தது. ஒலிபெருக்கி செய்யத் தொடங்கிய தொழில், உலகத்தைப் பிடித்த பொருளாதார மந்தத்தில் நொடித்தது. நடுக்கு வாதம் உடலை வாட்டியது, கண்பார்வையும் மங்கியது. மோட்டார் தொழிலைச் சேர்ந்தவர்கள் செய்த உதவியில் நாட்கள் கழிந்தன. 1946ஆம் ஆண்டு மார்ச் 8ந் தேதி பர்மிங்ஹாமில் காலமானார்.

ஏழு ஆண்டு கழித்து

1953இல் பிரான்சில் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயம். டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார், சராசரி 100 மைல் வேகத்தைத் தாண்டி வென்றது. டிரம் பிரேக் சூடேறிப் பிடிமானம் இழந்தபோது, காற்றில் திறந்திருந்த தட்டு குளிர்ந்து கொண்டே கவ்வியது. சில ஆண்டுகளில் விற்பனைக் கார்களிலும் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது.

அப்போதுதான் கை பிரேக் தகராறு தலைகாட்டியது. டிரம்மில் ஒரு சௌகரியம் உண்டு. சக்கரம் உருள முயன்றால் அந்த உருளலே ஒரு கட்டையை உள்ளே இன்னும் இறுக்கும். கையால் கொஞ்சம் இழுத்தாலும் பலம் பெருகும். தட்டுக்கு இந்த உதவி கிடையாது. அழுத்துகிற பலம் எவ்வளவோ, பிடியும் அவ்வளவே. காலால் மிதிக்கும்போது எண்ணெய் அழுத்தம் அந்தப் பலத்தைத் தருகிறது. கையால் இழுக்கும் கம்பி எங்கே போகும்? மேலும் ஓடி வந்த சூட்டில் விரிந்திருந்த தட்டு, வண்டி நின்ற பிறகு குளிர்ந்து சுருங்கும். மாலையில் இறுக்கிய பிடி இரவில் தளரலாம்.

1957இல் வந்த ஜாகுவார் எக்ஸ்.கே.150இல் பின் தட்டுகளுக்கென்று தனியாகச் சின்னக் கவ்விகளை வைத்துக் கம்பியால் இழுத்தார்கள். போர்ஷேக்காரர்கள் 1963இல் 356 சி காரில் பின் தட்டின் நடுக்குழிவில் சிறு டிரம் ஒன்றையே ஒளித்து வைத்தார்கள். கெட்டிக்காரத்தனமான வழி என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்று பழைய காருக்கு டிஸ்க் பூட்டுவோருக்கும் இவையே வழி. எண்ணெய்க் குழாயை அடைத்து அழுத்தத்தைப் பூட்டி வைக்கும் கருவியும் கடையில் கிடைக்கிறது. இரவு முழுவதும் அதை நம்புவது தவறு. எண்ணெய் துளி கசிந்தாலும் பிடி போய்விடும். கியர்ப் பெட்டியின் பின்னால், எஞ்சின் விசையைக் கடத்தும் தண்டில் ஒரு தட்டை மாட்டிப் பிடிப்பாரும் உண்டு. அது பலமானதுதான். ஆனால் ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால், அந்தச் சக்கரம் அந்தரத்தில் சுற்ற, தரையிலிருக்கும் மற்றச் சக்கரம் உருளத் தொடங்கிவிடும். கீழே படுத்து வேலை செய்பவர் தரையிலிருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும்.