தீண்டாமைக் கொடுமைகளை நாடெங்கும் ஆராய்ந்த எல்.இளையபெருமாள்

பெங்களூரு: கர்நாடகத்தில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளை விசாரிப்பதற்கென்று தனிக் காவல் பிரிவு 1974-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தக் குடிமை உரிமைகள் அமலாக்கப் பிரிவுக்கு 2025-ஆம் ஆண்டில் 33 சிறப்புக் காவல் நிலையங்கள் கிடைத்தன. இத்தகைய ஏற்பாடுகள் எதுவும் இல்லாத காலத்திலேயே, இக்கொடுமைகளை நாடு தழுவிய அளவில் ஆராய்ந்த அரசுக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் எல்.இளையபெருமாள்.

அன்றைய தென்னார்க்காடு மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் 1924-ஆம் ஆண்டு பிறந்தவர் இவர். பள்ளியில் பட்டியல் சாதி மாணவர்களுக்கெனத் தனியாக வைக்கப்பட்டிருந்த தண்ணீர்ப் பானையை உடைத்ததே இவரது முதல் போராட்டம். சாவுக்குப் பறையடிப்பது, செத்த மாட்டைத் தூக்குவது போன்ற கட்டாயப் பணிகளுக்கு எதிராகவும் பின்னர் ஊர் ஊராகச் சென்று மக்களைத் திரட்டினார். 1952-ஆம் ஆண்டு காங்கிரஸ் வேட்பாளராகக் கடலூரில் வென்று முதலாவது மக்களவைக்குள் நுழைந்தார். 1957, 1962 தேர்தல்களிலும் வெற்றி தொடர்ந்தது.

தீண்டாமையை அரசமைப்புச் சட்டம் ஒழித்துவிட்டது. 1955-ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டமும் வந்துவிட்டது. ஆயினும் கிராமங்களின் நிலை என்ன என்பதை அறிய, 1965-ஆம் ஆண்டு மத்திய அரசு இளையபெருமாள் தலைமையில் குழு அமைத்தது. கிணறு, கோயில், தேநீர்க் கடை, முடிதிருத்தும் நிலையம் என அன்றாட வாழ்வின் ஒவ்வோர் இடத்திலும் விலக்கல் நீடிப்பதைக் குழு கண்டது. வழக்குகள் சமரசத்தில் முடிவதும், தண்டனை சிறு அபராதத்தோடு நின்றுவிடுவதும் தெரியவந்தன. பாதிக்கப்பட்டவர் புகார் அளிக்கத் தயங்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

குழுவின் பணி நடந்துகொண்டிருந்தபோதே, 1968 பிப்ரவரியில் ஆந்திரத்தின் கஞ்சிகச்சர்லாவில் தலித் இளைஞர் ஒருவர் திருட்டுப் பழி சுமத்தப்பட்டு எரித்துக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, இளையபெருமாளின் சொந்த ஊரிலிருந்து கொள்ளிடத்துக்குத் தெற்கே, கீழ்வெண்மணியில் 44 பேர் தீக்கிரையாயினர்.

1969-ஆம் ஆண்டு அளிக்கப்பட்ட அறிக்கை, சட்டத்தைக் கடுமையாக்கப் பரிந்துரைத்தது. அதன் அடிப்படையிலான மசோதா 1972-ஆம் ஆண்டு அறிமுகமானபோதும், நிறைவேற 1976 வரை காத்திருக்க நேர்ந்தது. இந்தத் தாமதமே தனியொரு செய்திக்கு உரியது. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறிய அச்சட்டத்தில், சமரசத்துக்கு இடமில்லாமல் போயிற்று. முதல் குற்றத்துக்குக் குறைந்தது ஒரு மாதச் சிறை கட்டாயமாயிற்று. விசாரணையில் வேண்டுமென்றே அலட்சியம் காட்டும் அரசு ஊழியரும் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்பட்டார். ஊர் மீது கூட்டு அபராதம் விதிக்கவும் வழி பிறந்தது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதற்கு அடுத்த படியாகும்.

பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்ற குழுவின் மற்றொரு பரிந்துரையைத் தமிழக அரசு ஏற்று, 1970-ஆம் ஆண்டு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. பரம்பரை உரிமை நீக்கப்பட்டதை 1972-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஆனால் நீதிமன்ற முடிவுகள் வேறாக இருந்தன. கீழ்வெண்மணி வழக்கில் நிலவுடைமையாளர்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலையாயினர். பெங்களூருவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கம்பாலப்பள்ளியில் 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்ட வழக்கிலும், சாட்சிகள் பிறழ்ந்ததால் அனைவரும் விடுவிக்கப்பட்டனர். 2014-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர், எழும்பூர் சட்டப்பேரவை உறுப்பினர் ஆகிய பொறுப்புகளை வகித்த இளையபெருமாள், பின்னாளில் காங்கிரசை விட்டு விலகி இந்திய மனித உரிமைக் கட்சியைத் தொடங்கினார். 2005 செப்டம்பரில் காலமானார். சிதம்பரத்தில் அவருக்கு எழுப்பப்பட்ட நூற்றாண்டு நினைவரங்கம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது.