கறுப்பு வெள்ளையில் வண்ணப் பறவைகள்

மயிலின் கழுத்து நீலம்; கிளியின் சிறகு பச்சை; மாங்குயிலின் உடல் மஞ்சள். இந்நிறங்களைக் கறுப்பு வெள்ளைப் படத்தில் காட்ட இயலாது. ஆயினும், பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்து, இந்தியாவின் பறவைகளையும் விலங்குகளையும் மக்கள் மனத்தில் பதியச் செய்தவர் மா. கிருஷ்ணன்.

இவர் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் அ. மாதவையா, ‘பத்மாவதி சரித்திரம்’ என்னும் புதினத்தை இயற்றியவர். கிருஷ்ணனுக்குப் பதின்மூன்று வயதானபோது தந்தையார் மறைந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்ற கிருஷ்ணன், பின்னர்ச் சட்டமும் கற்றார். எனினும், நிலையான வேலை எளிதில் அமையவில்லை. இதழ்களுக்கு எழுதியும் படம் வரைந்தும் காலம் கழித்தார்.

1942ஆம் ஆண்டில், இன்று கர்நாடகத்தில் உள்ள சண்டூர் சமஸ்தானத்தில் பணி கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி எனப் பல பொறுப்புகளை அங்கு வகித்தார். ஊரைச் சூழ்ந்த மலைகளும் காடுகளும் அவருடைய நாட்டத்தை வளர்த்தன. சில ஆண்டுகளுக்குப் பின் சென்னைக்குத் திரும்பியவர், எழுத்தையும் நிழற்படத்தையுமே தம் வாழ்வாக்கிக் கொண்டார். நிலையான ஊதியம் இல்லாத அவ்வழியை அவர் விரும்பியே ஏற்றார்.

விலையுயர்ந்த கருவிகள் அவரிடம் இல்லை. ஒரு கேமராவின் உடலையும் வேறொன்றின் லென்சையும் இணைத்து, தாமே ஒரு கருவியை உருவாக்கினார். அதற்குச் ‘சூப்பர் பொன்டெரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் இட்டார். அதைச் சுமந்துகொண்டு காடுகளில் நடந்தார். சில வேளைகளில் பழக்கப்பட்ட யானையின் மீதமர்ந்தும் சென்றார்.

கறுப்பு வெள்ளையில் பறவையைப் படமெடுப்பது எளிதன்று. பச்சை இலைகளுக்கிடையே அமர்ந்த பச்சைக்கிளி, படத்தில் இலையோடு இலையாகச் சாம்பல் நிறத்தில் மறைந்துவிடும். அது வெளிச்சமான கிளைக்கு வரும்வரை, அல்லது அதன் பின்னே இருண்ட நிழல் அமையும்வரை காத்திருக்க வேண்டும். நிறம் துணைக்கு வாராதபோது அலகின் வளைவு, இறகின் அடுக்கு, கழுத்தின் திருப்பம் ஆகியவற்றையே கண் தேட வேண்டும். இத்தகைய பொறுமையும் கூர்ந்த பார்வையுமே கிருஷ்ணனின் செல்வங்கள்.

படம் காட்டாதவற்றை அவருடைய எழுத்து காட்டியது. கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950ஆம் ஆண்டு தொடங்கிய அவரது பத்தி, 46 ஆண்டுகள் தொடர்ந்து வந்தது. அதற்கான கோட்டோவியங்களையும் அவரே வரைந்தார். தமிழிலும் காட்டுயிர்களைப் பற்றி எழுதினார். வேட்டையாடுதல் பெருமையாகக் கருதப்பட்ட காலத்தில், துப்பாக்கியின்றிக் காட்டுக்குள் சென்று, காண்பதே பெருமை என்பதைத் தம் செயலால் உணர்த்தினார். காட்டுயிர்ப் பாதுகாப்புக்கான தேசிய வாரியத்தில் உறுப்பினராக இருந்து அரசுக்கு ஆலோசனை வழங்கினார். பத்மஸ்ரீ விருது பெற்றார்.

1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் கிருஷ்ணன் காலமானார். அவருடைய கடைசிக் கட்டுரை அன்றைய நாளிதழிலேயே வெளிவந்தது.

யானையையும் புலியையும் பற்றி எழுதிய அதே ஆர்வத்துடன் காகத்தையும் அணிலையும் பற்றி அவர் எழுதினார். தொலைவிலுள்ள காட்டுக்குச் செல்ல இயலாதவருக்கும் வீட்டுச் சன்னலருகே ஒரு பறவை வந்து அமரும். அதை நின்று நோக்குவோர் யாவரும் கிருஷ்ணன் நடந்த வழியில் முதலடி வைத்தவரே ஆவர்.