கடலில் எரிந்த செல்வம்

1852 ஓகஸ்ட் மாதம் அத்திலாந்திக் சமுத்திரத்தில் ஒரு கப்பல் தீப்பற்றியது. அமேசன் காடுகளில் நான்காண்டுகள் அலைந்த அல்பிரட் ரசல் வாலஸ், தம்முடன் கொணர்ந்த பறவைகளும் பூச்சிகளும் எரிவதைச் சிறுபடகிலிருந்து கண்டார். பத்து நாட்களின் பின்னரே மீட்கப்பட்டார். வறுமையால் இளமையிலேயே பள்ளியை விட்டவர்; அம்மாதிரிகளை விற்றே சீவிக்க வேண்டியவர். வேறொருவராயின் ஊரோடு அடங்கியிருப்பார்.

இவரோ 1854இல் மலாய்த் தீவுகளுக்குச் சென்றார். 1856இல் பாலியிலிருந்து லொம்பொக்கிற்குக் கடந்தபோது திகைத்தார். இடையே ஒடுங்கியதொரு நீரிணை. வெயிலிலும் மழையிலும் பெரும் வேற்றுமையில்லை. ஆயினும் பாலியிற் கண்ட குக்குறுவான்களை அங்கே காணவில்லை. அவுஸ்திரேலியப் பக்கத்து வெண்கொண்டைக் கிளிகளே பறந்தன. சூழலுக்கெனவே உயிர்கள் படைக்கப்பட்டனவாயின் இவ்வேற்றுமை ஏன்? ஆழ்கடல் பிரித்துவைத்த உயிர்கள் தத்தம் வழியில் மாறிப் பல்கின என்பதே பொருத்தமான விடை.

மாறுவது எங்ஙனம்? 1858இல் காய்ச்சலில் நடுங்கிக் கிடக்கையில் அது புலப்பட்டது. பிறப்பவற்றுட் பெரும்பாலானவை மடிய, வாழ்வுக்கு உதவும் சிறு வேறுபாடுடையவை எஞ்சிப் பெருகுகின்றன. தலைமுறைதோறும் அச்சிறுமைகள் திரண்டு புதிய இனமாகின்றன. இதனை எழுதி டார்வினுக்கே அனுப்பினார். இருபதாண்டுகளாக அவரும் இக்கருத்தையே பேணி வந்ததை அறியார். யூலை 1ஆந் திகதி இலண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்துக்களும் ஒருங்கே வாசிக்கப்பட்டன. வாலஸிடம் எவரும் கேட்கவில்லை. அவர் அப்போது நியூகினியில் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர் மனங்கசந்ததில்லை. 1889இல் கூர்ப்புப் பற்றித் தாம் எழுதிய நூலுக்கு ‘டார்வினிசம்’ என்றே பெயரிட்டார்.