மாட்டு வண்டியில் வந்த பெட்ரோல்!

குட்டீஸ்... பாவூர்சத்திரம் வயல் வரப்பில் நடக்கும்போது விமானச் சத்தம் கேட்டால் என்ன செய்வீர்கள்? புள்ளியாய் மறையும் வரை அண்ணாந்து பார்ப்பீர்கள்தானே! அப்படிப் பார்த்து வியந்த ஒரு சிறுவன்தான், பின்னாளில் ஏர் இந்தியாவுக்கு வித்திட்ட ஜே.ஆர்.டி. டாடா.

1904ல் பாரீசில் பிறந்தார். விடுமுறைக்குக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போவார். ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் விமானத்தில் கடந்த லூயி பிளேரியோவுக்கும் அங்கே வீடு இருந்தது. மணலில் விமானம் இறங்குவதைப் பார்த்ததும், தானும் பறக்க வேண்டும் என்ற ஆசை பிறந்தது. 1929ல், இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி லைசென்ஸ் அவருக்கே கிடைத்தது.

1932 அக்டோபர் 15. கராச்சியில் இருந்து தபால்களுடன், ஒற்றை இன்ஜின் குட்டி விமானத்தில் தனியாகக் கிளம்பினார். ரேடியோ கிடையாது, வழி தவறினால் கேட்க ஆளும் இல்லை. ஆமதாபாத்தில் விமானத்துக்குப் பெட்ரோல் எதில் வந்தது தெரியுமா? மாட்டு வண்டியில்! அன்றே பத்திரமாக மும்பையில் இறங்கினார். அங்கிருந்து நண்பர் நெவில் வின்சென்ட், தபால்களைச் சென்னைக்குக் கொண்டு பறந்தார்.

அந்த நிறுவனமே 1946ல் ஏர் இந்தியா ஆனது. 1948ல் 35 பயணிகளுடன் லண்டனுக்குப் பறந்தது. 1971ல், மாடி வைத்த பிரமாண்ட ஜம்போ ஜெட்டும் வந்து சேர்ந்தது.

1982ல், தன் 78வது வயதில், அதே கராச்சி - மும்பை வழியில் மீண்டும் குட்டி விமானம் ஓட்டினார் டாடா! 1992ல் பாரத ரத்னா பெற்றவர், அடுத்த ஆண்டு மறைந்தார்.

இனி விமானம் பறந்தால், நன்றாக அண்ணாந்து பாருங்கள். ஆசை அங்கேதான் தொடங்குகிறது!